அதை எந்தக் கேள்வியில் வைப்பது?

சென்ற மாதம் ஆக்லாந்தின் புறநகரான பக்குரங்காவில் ஒரு கூடத்தில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்கள் சிலர் கூடினார்கள். எல்லோரும் இளையவர்கள். இனிப் பல வழக்குகளுக்கு நேரில் போக வேண்டாம், வீட்டிலிருந்தே திரை வழியாக மொழிபெயர்க்கலாம் என்ற பேச்சு அடிபடுகிறது. அதற்காக அவர்கள் சட்டச் சொற்களுக்குத் தமிழ்ச் சொற்கள் தொகுத்திருந்தார்கள். ஓய்வு பெற்ற என்னையும் பார்வையிடச் சொல்லி அழைத்திருந்தார்கள். சென்னையிலிருந்து வந்து குடியேறிய ஒரு பெண் ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு போனாள். ஆங்கிலத்தில் 'காஸ்' (cause) என்றால் தமிழில் 'காரணம்' என்றாள். உடனே அடுத்த சொல்லுக்குப் போய்விட்டாள்.

"நில்லும்மா" என்றேன். குரல் நான் நினைத்ததைவிட உயர்ந்துவிட்டது.

"ஏன் ஆன்ட்டி, தப்பா இருக்கா?"

"தப்பில்ல. தப்பா இருந்தா சுலபமா மாத்திடலாம்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்டார்கள். தேநீர் இடைவேளையில் சொல்லி முடிக்கக்கூடிய கதை இல்லை அது. எழுதித் தரச் சொன்னார்கள். கோபம் ஆறிய பிறகு எழுதலாம் என்று சில வாரம் காத்திருந்தேன். ஆறவில்லை. ஆகவே ஆறாமலே எழுதுகிறேன்.

நான் மலேசியாவின் ஈப்போவில் பிறந்தவள். அங்கேயே நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக வேலைக்குச் சேர்ந்தேன். தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றுக்கும் தேர்வு வைத்தார்கள். பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை, பின்வரிசையில் உட்கார்ந்து கேட்பதுதான் பயிற்சி. அங்கே எனக்கு அதிகம் கிடைத்தவை விபத்து வழக்குகள். தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போன லாரி கவிழ்ந்தால், அடிபட்டவர்கள் ஓட்டுநர் மீதும் முதலாளி மீதும் சேர்த்தே வழக்குப் போடுவார்கள். ஒரு சாவுக்குப் பின்னால் பத்துக் காரணம் இருக்கும். சாலையில் பள்ளம், தேய்ந்த டயர், தூக்கமில்லாத ஓட்டுநர், அவரைத் தூங்கவிடாத முதலாளி. இத்தனையில் எதைச் சட்டம் பிடித்துக்கொள்ளும், எதை விட்டுவிடும் என்பதைப் பற்றித்தான் வழக்கறிஞர்கள் மணிக்கணக்காக வாதாடுவார்கள். சட்டம் பிடித்துக்கொள்வதற்கு அண்மைக் காரணம் என்று பெயர். அண்மை என்றால் நேரத்தால் கிட்ட இருப்பது என்று பொருளல்ல. பொறுப்பைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் அளவுக்கு நெருக்கமானது என்று பொருள். முதலாளி பல மைலுக்கு அப்பால் குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருந்தாலும் அந்தச் சாவுக்கு அண்மையில் இருக்கலாம். ஈப்போவில் ஒரு நீதிபதிதான் அதைத் தீர்மானிப்பார். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்திலேயே சிவில் வழக்கில் ஜூரி என்பது அங்கே கேள்விப்படாத ஒன்று.

கணவருக்கு நியூசிலாந்தின் ஆக்லாந்தில் வேலை கிடைத்ததும் இங்கே வந்தோம். முதல்முறையாக ஜூரியைப் பார்த்தபோது எனக்கு உண்மையாகவே மெய்சிலிர்த்தது. பஸ் ஓட்டுகிறவர், பல் மருத்துவரிடம் உதவியாளராக இருப்பவர், ஓய்வு பெற்ற ஆசிரியை என்று தெருவில் போகிற பன்னிரண்டு பேரைப் பிடித்து உட்காரவைத்து, என்ன நடந்தது என்று நீங்களே சொல்லுங்கள் என்று சட்டம் கேட்கிறது. சட்டம் இன்னதென்று நீதிபதி சொல்வார். நடந்தது இன்னதென்று அவர்கள் சொல்வார்கள். எதனால் நடந்தது என்பதும் அவர்கள் கையில். இதைவிட நல்ல ஏற்பாடு இருக்க முடியாது என்று பல வருடம் நம்பினேன்.

அந்த நம்பிக்கையில் ஓட்டை போட்ட வழக்கைத்தான் சொல்ல வந்தேன். நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்கள் முன் நடந்தது. பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

குற்றம் சாட்டப்பட்டவர் சிவநேசன். யாழ்ப்பாணத்துக்காரர், அகதியாக வந்தவர், நாற்பது வயதைத் தாண்டியவர். நகரின் தெற்கே மனுரேவாவில் மனைவியோடும் இரண்டு பெண் பிள்ளைகளோடும் இருந்தார். அங்கேயே ஒரு கிடங்கிலிருந்து குளிர்பானப் பெட்டிகளைச் சின்ன லாரியில் ஏற்றி நகரமெங்கும், டெய்ரி என்று இங்கே சொல்லும் தெருமுனைக் கடைகளுக்குப் போடுகிற வேலை. ஒரு காலை பிளாக்ஹவுஸ் பே என்ற பகுதியில் இறக்கத்தில் வரும்போது லாரியின் பிரேக் பிடிக்கவில்லை. கீழே கடைத்தெருவில் பாதசாரிகள் கடக்கும் கோட்டில் மார்கரெட் என்ற அம்மாள் ரொட்டியும் பத்திரிகையும் வாங்கிக்கொண்டு கடந்துகொண்டிருந்தார். அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது.

ஆபத்தான முறையில் வண்டி ஓட்டி மரணம் விளைவித்ததாகச் சிவநேசன் மீது குற்றச்சாட்டு. அவர் ஜூரி விசாரணை கேட்டார். தமிழுக்கு என்னை அழைத்தார்கள்.

மொழிபெயர்ப்பாளரின் இடம் கூண்டில் குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பக்கத்து நாற்காலி. உள்ளதை உள்ளபடி சொல்வேன் என்று முதலில் உறுதிமொழி எடுக்க வேண்டும். பிறகு அங்கே பேசப்படும் ஒவ்வொரு சொல்லையும் அவர் காதில் மெல்லச் சொல்ல வேண்டும். அவர் சாட்சி சொல்லும்போது அவராகவே பேச வேண்டும். 'அவர் போனார்' என்று சொல்லக் கூடாது, 'நான் போனேன்' என்றுதான் சொல்ல வேண்டும். விளக்கம் சொல்லக் கூடாது, ஆறுதலும் கூடாது. வெளியே நடைபாதையில் யாராவது எதையாவது கேட்டால் தலையை அசைக்கவும் கூடாது. முதல் நாள் காலை சிவநேசனின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, இவரைத் திருப்பி அனுப்பிப் போடுவினமோ? எங்களுக்கு இன்னும் சிட்டிசன்ஷிப் வரேல்லை."

"அத நான் பேசக்கூடாதும்மா. வக்கீல்கிட்ட கேளுங்க" என்று சொல்லிக் கையை விடுவித்துக்கொண்டேன். அதுதான் விதி.

வழக்கை நடத்திய நீதிபதி வயதானவர், மெலிந்தவர். மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார் என்பதை ஒரு கணமும் மறக்காத நீதிபதிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர் அப்படிப்பட்டவர். நீண்ட வாக்கியம் சொல்ல ஆரம்பித்துப் பாதியில் தானே நிறுத்தி, என் பக்கம் பார்த்து, நான் முடித்த பிறகுதான் தொடர்வார். வழக்கறிஞர்கள் வேகமாகப் போனால் பேனாவை மேசைமேல் படுக்க வைப்பார். குரலை உயர்த்த மாட்டார். பேனா படுத்துவிட்டால் வாயை மூட வேண்டும் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். ஜூரியிடம் சட்டம் சொல்லும்போது மட்டும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தாளைப் பார்க்காமல் அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்வார். என் கோபம் அந்த மனிதர் மேல் இல்லை. அவர் ஒரு தவறும் செய்யவில்லை. யாருமே ஒரு தவறும் செய்யாமல் இப்படி ஒரு காரியம் நடந்து முடிந்ததே என்பதுதான் என் கோபம்.

விபத்தன்றே காவல் நிலையத்தில் சிவநேசனை விசாரித்த காணொளியை ஜூரிக்குப் போட்டுக் காட்டினார்கள். அன்று அங்கே மொழிபெயர்ப்பாளர் நேரில் இல்லை. தொலைபேசியில் ஒரு குரல். திரையில் சிவநேசன் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தார். சட்டைக் கையில் அந்த அம்மாளைத் தூக்கப் போனபோது பட்ட கறை இருந்தது.

"என்னாலதான் அந்த மனுசி செத்தது. நான்தான் காரணம்" என்று அழுதார்.

தொலைபேசிக் குரல் அதை ஆங்கிலத்தில் சொன்னது. அந்தப் பெண்ணின் மரணத்தை விளைவித்தவன் நான் என்று பொருள்படும் ஆங்கிலம். குற்றப்பத்திரிகையில் எந்தச் சொல் இருந்ததோ அதே சொல்.

நம் வீடுகளில் யார் இதைச் சொல்லாமல் இருந்திருக்கிறார்கள்? தகப்பனை அரைமணி நேரம் முன்னால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கலாம் என்று மகன் சொல்வது இதே வாக்கியம்தான். என் தாயார் ஈப்போவில் இறந்தபோது இங்கே அடுப்படியில் நின்றபடி நானும் சொன்னேன், நான்தான் காரணம், விட்டுட்டு வந்துட்டேனே என்று. ஒரு சாவுக்குப் பக்கத்தில் நிற்கிற மனிதன் தன் நெஞ்சில் அடித்துக்கொண்டு சொல்வதற்கும், சட்டம் அளந்து எடைபோட்டுச் சொல்வதற்கும் தமிழில் ஒரே சொல். ஜூரிக்குக் கேட்டது இரண்டாவது மட்டும்.

இடைவேளையில் பதிவாளரிடம் சொன்னேன். ஜூரி வெளியே இருக்கும்போதே நீதிபதி என்னை எழுப்பிக் கேட்டார்.

"அந்த மொழிபெயர்ப்பு தவறு என்கிறீர்களா?"

"தவறு இல்லை, ஐயா. அந்த வாக்கியத்துக்கு இன்னொரு பொருளும் உண்டு. வருத்தத்தில் எல்லோரும் சொல்வது. குற்றத்தை ஒப்புக்கொள்வதாக ஆகாது."

அரசுத் தரப்பு வழக்கறிஞர் எழுந்து, மொழிபெயர்ப்பாளர் சாட்சியாக முடியாது என்றார். அவர் சொன்னதும் சரிதான். நீதிபதி யோசித்தார். கடைசியில், அந்தச் சொற்களுக்கு வேறு பொருளும் இருக்கலாம் என்று ஜூரியிடம் ஒரே வாக்கியத்தில் சொன்னார். எந்தப் பொருள் என்று முடிவு செய்வது உங்கள் வேலை என்றும் சொன்னார். ஜூரி தலையாட்டினார்கள். ஆனால் அழுகிற முகத்தையும் அந்த ஆங்கில வாக்கியத்தையும் சேர்த்துப் பார்த்தவர்களுக்கு அந்த ஒரு வாக்கியம் எம்மாத்திரம்?

பிறகு சாட்சிகள். லாரியைப் பரிசோதித்த நிபுணர், பின்சக்கரப் பிரேக் வெகுகாலமாகக் கசிந்து, தேய்ந்து போயிருந்தது, ஒரே நாளில் வந்த பழுது இல்லை என்றார். கிடங்குப் பொறுப்பாளர் வந்தார். நல்ல கோட்டு, நல்ல தலைவாரல். சிவநேசன் பிரேக்கைப் பற்றிச் சொன்னாரா என்று கேட்டதற்கு, "அப்படி நினைவில்லை" என்றார். எத்தனை விதமாகக் கேட்டாலும் அதே பதில். நினைவில்லாத மனிதரைச் சட்டம் ஒன்றும் செய்ய முடியாது. அவர் சாட்சி மட்டும்தான், குற்றம் சாட்டப்பட்டவர் இல்லை. சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

சிவநேசனின் வழக்கறிஞர் அவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார். கிடங்கை நடத்திய நிறுவனத்துக்குப் பழுது தெரியும், சொல்லியும் சரிசெய்யவில்லை என்று ஜூரிக்குக் காட்டுவதுதான் நோக்கம். சிவநேசன் ஒளிக்காமல் சொன்னார். அரசுத் தரப்பு வழக்கறிஞர் குறுக்கு விசாரணைக்கு எழுந்தார்.

"பிரேக் சரியில்லை என்று உங்களுக்குத் தெரியுமா?"

"ஓம், தெரியும். மிதிச்சா மெத்தெண்டு போகும். பொறுப்பானவரிட்டச் சொன்னனான். ஒருக்காச் சொல்லேல்லை, கனதரம் சொன்னனான்."

"அவர் என்ன சொன்னார்?"

"பாத்து ஓடு எண்டார். கராஜுக்கு விட்டா டெலிவரி நிண்டுபோகும் எண்டார்."

"அப்படியானால் விபத்துக்கு முன்பே, அந்த வண்டி ஆபத்தானது என்று உங்களுக்கு நன்றாகத் தெரியும்."

"ஓம்."

"தெரிந்தும் அந்த இறக்கத்தில் இறங்கினீர்கள்."

"அந்த ரூட்டுத்தான் எனக்குத் தந்தவை."

"சாவியை வாங்கியது உங்கள் கை. வண்டியைக் கிளப்பியதும் உங்கள் கை. இல்லையா?"

சிவநேசன் தன் கையைப் பார்த்தார். "ஓம். என்ர கைதான்."

அவர் வாயாக இருந்து இதையெல்லாம் ஆங்கிலத்தில் சொன்னது நான். 'என் கைதான்' என்று நான் சொன்னபோது முன்வரிசை ஜூரி ஒருவர் குறித்துக்கொண்டார். என்ன அநியாயம் இது என்று அந்த இடத்திலேயே கத்த வேண்டும் போலிருந்தது. பழுதைச் சொன்ன ஒரே மனிதன் அவன். சொன்னதாலேயே அவனுக்குத் தெரியும் என்று ஆகிவிட்டது. தெரியும் என்பதாலேயே அவன் குற்றவாளி. கேட்டும் கேளாதவர் போலிருந்தவருக்கு நினைவில்லை. நினைவில்லாததால் அவர் வீட்டுக்குப் போய்விட்டார். வாயை மூடிக்கொண்டு ஓட்டியிருந்தால், பழுது எனக்குத் தெரியாது என்று சிவநேசன் சொல்லித் தப்பியிருக்கலாம்.

இறுதியில் நீதிபதி ஜூரிக்கு வரிசையாகச் சில கேள்விகள் கொண்ட தாளைக் கொடுத்தார். இந்த நாட்டில் வழக்கமே அதுதான். முதல் கேள்விக்கு ஆம் என்றால் அடுத்ததற்குப் போங்கள், இல்லை என்றால் நிறுத்துங்கள். வண்டியை ஓட்டியது அவரா? ஓட்டிய விதம் ஆபத்தானதா? அப்படி ஓட்டியது மரணத்துக்குக் கணிசமான காரணமா, அந்த நேரம் வரை செயல்பட்டுக்கொண்டிருந்த காரணமா? கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவர் விளக்கினார்.

"அது ஒரே காரணமாக இருக்க வேண்டியதில்லை. முக்கியமான காரணமாகக்கூட இருக்க வேண்டியதில்லை. அற்பமானதாக இல்லாவிட்டால் போதும். வேறு யாராவது தவறு செய்திருக்கலாம். அதனால் இவருடைய பங்கு அழிந்துவிடாது."

இதைச் சிவநேசன் காதில் தமிழில் சொன்னபோது 'காரணம்' என்ற சொல்லைத் தவிர்க்க என்னென்னவோ முயன்றேன். 'நீங்கள் ஓட்டியதால் விளைந்ததா' என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். விளங்கி ஆட்டினாரா, வேறு வழியில்லாமல் ஆட்டினாரா என்று கேட்க எனக்கு அனுமதி இல்லை.

ஜூரி உள்ளே போய் வெகுநேரம் வரவில்லை. மறுநாள் ஒரு துண்டுத் தாளில் கேள்வி எழுதி அனுப்பினார்கள். நீதிபதி அதை உரக்க வாசித்தார்.

"நிறுவனம் பிரேக்கைச் சரிசெய்திருந்தால் அந்த அம்மாள் இன்று உயிரோடு இருப்பார் என்று எங்கள் எல்லோருக்கும் தோன்றுகிறது. அதை நாங்கள் எந்தக் கேள்வியில் வைப்பது?"

சிவநேசனின் வழக்கறிஞர் எழுந்து, நிறுவனத்தின் அலட்சியம் காரணங்களின் சங்கிலியை அறுத்துவிட்டது என்று வாதாடினார். அரசுத் தரப்பு, அந்த அலட்சியம் ஓட்டுநர் சாவியை வாங்கும் முன்பே இருந்தது, பின்னால் வந்து சங்கிலியை அறுக்கவில்லை என்றது. நீதிபதி இருவரையும் கேட்டுவிட்டு ஜூரியை அழைத்தார். ஜூரியிடம் சட்டம் சொல்லும்போது முதல்முறையாக அவர் தாளைப் பார்த்துப் படித்தார்.

"உங்கள் கேள்வி நியாயமானது. ஆனால் நிறுவனம் இங்கே விசாரணையில் இல்லை. அதன் நடத்தை சரியா தவறா என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டியதில்லை. என் தாளில் உள்ள கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல்லுங்கள்."

அன்று பிற்பகல் தீர்ப்போடு வந்தார்கள். ஜூரியின் தலைவியாக இருந்தவர் நரைத்த தலை, தடித்த கண்ணாடி, முரட்டுக் கம்பளிச் சட்டை போட்ட ஒரு பெண்மணி. குற்றவாளி என்றார். அந்தச் சொல்லைச் சொல்லும்போது தரையைப் பார்த்தார். அவர் உட்கார வேண்டிய நேரம். உட்காரவில்லை.

"ஐயா, நாங்கள் ஒன்று சொல்லலாமா?"

"நன்றி. வேண்டாம்" என்றார் நீதிபதி, மிகவும் மென்மையாக. "உங்கள் வேலை முடிந்துவிட்டது."

அவர் இன்னும் ஒரு கணம் நின்றார். பிறகு உட்கார்ந்தார். என்ன சொல்ல வந்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஜூரி அறையில் பேசியதை வெளியே சொல்லவும் கூடாது. அந்தப் பன்னிரண்டு பேரும் என்ன நினைத்தார்கள் என்பது அவர்களோடேயே போய்விடும்.

தண்டனை சொல்வதற்கு முன் இறந்த அம்மாளின் கணவர், ஓட்டுநரைச் சந்திக்க விரும்புவதாகச் சொன்னார். இங்கே அப்படி ஓர் ஏற்பாடு உண்டு. பாதிக்கப்பட்டவரும் குற்றம் செய்தவரும் நடுவர் ஒருவர் முன்னால் உட்கார்ந்து பேசலாம். மறுபடியும் என்னையே அழைத்தார்கள். ஒரு சமூகக் கூடத்தின் சிறிய அறை. கணவர் பெயர் கிரஹாம். வாழ்நாள் முழுக்க துறைமுகத்தில் பயணிகள் ஃபெரிப் படகு ஓட்டியவர். அகலமான தோள். முகத்தில் சவரக் கத்தி வெட்டிய இடம் ஒன்று. விசாரணை நடந்த எல்லா நாளும் அவர் பின்வரிசையில் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருந்தேன்.

சிவநேசன் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தார். கிரஹாம் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீங்கள் வருந்துவது எனக்குத் தெரியும். எனக்கு ஒரே ஒரு கேள்வி. நான் படகோட்டி. எஞ்சின் சரியில்லை என்றால், வெளியே எடுக்க மாட்டேன் என்று என்னால் சொல்ல முடியும். சொல்லியிருக்கிறேன். அன்று காலை நீங்கள் சாவியை வாங்க மாட்டேன் என்று சொல்லியிருந்தால் என் மனைவி உயிரோடு இருப்பாளா?"

நான் தமிழில் சொன்னேன். சிவநேசன் அவரை நேராகப் பார்த்தார்.

"அந்த லொறி அண்டைக்கு எப்பிடியும் வெளிக்கிட்டிருக்கும், ஐயா. எனக்குப் பதிலா வேற ஒராளை ஏத்தியிருப்பினம். எனக்கு வேலை போயிருக்கும். அதே ரூட்டு, அதே இறக்கம்." பிறகு மெல்லச் சேர்த்தார். "ஆனா ஓடினது நான்தான். அதை நான் இல்லையெண்டு சொல்லேல்லை."

அதை ஆங்கிலத்தில் சொன்னேன். கிரஹாம் கைகளைக் கோத்து மேசைமேல் வைத்துக்கொண்டார்.

"அப்படியானால் அந்தக் கூண்டில் வேறொருவர் உட்கார்ந்திருப்பார். என் மனைவியின் சாவு அதேதான். ஆள் மட்டும்தான் மாறியிருக்கும்."

பிறகு அவர் சொன்னது நடுவரிடமா, எங்களிடமா என்று தெரியவில்லை. இளம் வயதில் தானும் ஒருமுறை ஜூரியில் உட்கார்ந்ததாகச் சொன்னார். யார் பொய் சொல்கிறார்கள், யார் ஒளிக்கிறார்கள் என்று பன்னிரண்டு பேர் சேர்ந்து பார்த்தால் தப்பாது என்று அன்று நம்பினாராம். ஆகவே தீர்ப்பு வந்ததும் ஒரு வழக்கறிஞரிடம் போய், நிறுவனத்தின் அலட்சியத்துக்காக வழக்குப் போட வேண்டும், ஜூரி வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

"வழக்கறிஞர் பரிதாபமாகப் பார்த்தார். இந்த நாட்டில் விபத்தில் செத்தவருக்காக யார் மேலும் அப்படி நஷ்டஈட்டு வழக்குப் போட முடியாது, எழுபதுகளிலேயே அந்த உரிமையை விட்டுக்கொடுத்துவிட்டோம் என்றார். அதற்குப் பதிலாக அரசாங்கம் உதவி தரும். யார் தவறு என்று ஒரு கேள்வியும் கேட்காமல் தரும். அதுதான் இந்த ஏற்பாட்டின் பெருமையாம். எனக்குப் பணம் வேண்டாம். எனக்கு அந்தக் கேள்விதான் வேண்டும்."

அந்த ஏற்பாட்டை நான் குறை சொல்ல மாட்டேன் என்று இருந்தவள்தான். மழையில் வழுக்கி விழுந்து எனக்கு மணிக்கட்டு முறிந்தபோது, யார்மேல் தப்பு என்று கேட்காமல் சிகிச்சை பார்த்தார்கள். ஈப்போவில் வழக்கு முடிவதற்குள் அடிபட்டவனே போய்ச் சேர்ந்துவிட்டதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஆனால் கேள்வி கேட்காமல் கொடுப்பது ஒன்று, கேள்வியே கேட்கக் கூடாது என்பது வேறு. இரண்டையும் ஒன்றாகக் கட்டி நம் கையில் கொடுத்திருக்கிறார்கள். கட்டைப் பிரித்துப் பார்க்க யாருக்கும் மனமில்லை. லாரியின் முதலாளியை எந்த ஜூரியும் பார்க்கப் போவதில்லை. ஜூரி பார்க்கக் கூடியது, சாவுக்கு மிகக் கிட்ட நின்ற ஒருவனை மட்டும். அவன் கையில் சாவி இருந்தது என்பதால்.

சிவநேசனுக்குச் சிறை இல்லை. கிரஹாம் கேட்டுக்கொண்டதும் அதற்கு உதவியது. வீட்டுக் காவல், வண்டி ஓட்டத் தடை. நாடு கடத்தவில்லை. ஆனால் அந்தப் பயம் தீர வெகுகாலம் பிடித்தது என்று அவர் மனைவி பின்னால் சொன்னார்.

நிறுவனத்தின் மீது வேலையிடப் பாதுகாப்புச் சட்டப்படி தனியாக ஒரு குற்றச்சாட்டு இருந்தது. நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டது. ஒப்புக்கொண்டால் சாட்சி வேண்டாம், குறுக்கு விசாரணை வேண்டாம், நினைவில்லாதவர்கள் நினைவுபடுத்திக்கொள்ளவும் வேண்டாம். அபராதத்தைத் தீர்மானிக்க ஒரு காலைப் பொழுது போதும். அந்த விசாரணைக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. வீட்டுக் காவல் முடிந்திருந்த சிவநேசன் தொலைபேசியில் கேட்டார்.

"அக்கா, கிரஹாம் ஐயா வரச் சொன்னவர். எனக்கு அங்க கதைக்கிறது ஒண்டும் விளங்காது. நீங்களும் வாறீங்களே?"

யாரும் அழைக்காமல், யாருக்கும் பணி செய்யாமல், அன்று வெறும் பார்வையாளராகப் போனேன். அதே கட்டடம், வேறு நீதிபதி. ஒரு பெண்மணி, சுறுசுறுப்பானவர். பொறுப்பாளர் வரவில்லை. நிறுவனத்தின் வழக்கறிஞர் எழுந்து, ஆழ்ந்த வருத்தம், துரதிர்ஷ்டவசமான நிகழ்வுகளின் தொடர், இப்போது எல்லா வண்டிகளுக்கும் புதிய பராமரிப்பு முறை என்று வாசித்தார். கேட்கவே அழகாக இருந்தது. அதில் ஓர் ஆள்கூட இல்லை. யார் சொன்னார், யார் கேட்டார், யார் வேண்டாம் என்றார், ஒன்றும் இல்லை. எல்லாம் தானாக நடந்த மாதிரி.

அடுத்து கிரஹாம் பேசலாம் என்றார்கள். பாதிக்கப்பட்டவர் தனக்கு ஏற்பட்ட இழப்பைச் சொல்லலாம். ஆனால் அதை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். நிறுவனத்துக்கு எப்போது தெரியும், தெரிந்து என்ன செய்தது என்று அவர் எழுதியிருந்த பகுதிகளை இழப்போடு சம்பந்தமில்லை என்று அடித்துவிட்டார்களாம். மிச்சம் இருந்ததை எடுத்துக்கொண்டு அவர் எழுந்து வந்தார்.

வந்தவர் நீதிபதியைப் பார்த்து நிற்கவில்லை. உடம்பை முழுவதும் திருப்பி, சுவரோரம் இரண்டு வரிசையாக இருந்த ஜூரி நாற்காலிகளைப் பார்த்து நின்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தார். காலையில் தேநீர்க் கோப்பை இரண்டை எடுத்து, ஒன்றைத் திரும்ப வைப்பதைப் பற்றி. அவள் பாதியில் விட்ட பின்னல் வேலையைப் பற்றி. அடித்துவிட்ட பகுதிகள் வந்தபோது அவற்றைச் சொல்லவில்லை. ஆனால் வாய் திறக்காமல், அவற்றை வாசித்தால் எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நின்றார். பிறகு அடுத்த வரிக்குப் போனார்.

"திரு. கிரஹாம், என்னைப் பார்த்து வாசிக்கலாமே" என்றார் நீதிபதி.

"நீங்கள் ஏற்கெனவே முழுதாகப் படித்துவிட்டீர்கள், அம்மா" என்றார் அவர் திரும்பாமலே. "இவர்கள் படிக்கவில்லை."

நிறுவனத்தின் வழக்கறிஞர் தன் கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிரஹாம் மீண்டும் ஒரு நீண்ட மௌனத்துக்குள் போனார். சிவநேசன் என் பக்கம் சாய்ந்தார்.

"அக்கா, ஐயா ஆருக்கு வாசிக்கிறார்?"

"ஜூரிக்கு."

அவர் எட்டிப் பார்த்தார்.

"அங்க ஒருத்தரும் இல்லையே."

"ஆமா" என்றேன். "ஒருத்தரையும் உட்கார விடல."